அண்ணாந்து பார்த்தல்: ஒரு பிரமாண விசாரணை

அரிய பொருள் ஒன்றைக் கண்டேன் என்று ஒருவன் சொன்னால், அதை எந்தப் பிரமாணத்தால் அறிந்தாய் என்று அவனை நிறுத்திக் கேட்பது நம் தர்க்க சாஸ்திரத்தின் தொன்றுதொட்ட வழக்கம். கிளிஞ்சலை வெள்ளியென்று மயங்கியவனைப் பற்றியும், கயிற்றைப் பாம்பென்று அஞ்சியவனைப் பற்றியும் ஏடு ஏடாக எழுதி வைத்த பெரியோர்கள், புல்தரையில் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்க்கில் தேநீரும் கழுத்தில் தூரதரிசினியுமாக, ஏதோ ஒரு பழைய போர் விமானத்துக்காகக் காலை முதல் அண்ணாந்திருக்கும் கூட்டத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாமற் போனார்களென்றால், அவர்கள் காலத்தில் விமானக் காட்சிகள் இல்லை என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் இருக்க முடியாது. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களமாக இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷையரிலுள்ள ஓல்ட் வார்டன் மைதானத்தைக் கொள்வோம். 1909-இல் செய்த பிளேரியோ விமானம் ஒன்று, காற்று நன்றாக அடங்கினால் மட்டும், இன்றும் தரையை விட்டுச் சிறிது எழும்பிக் காட்டும் இடம் அது. ஆராயும் பொருள், அங்கே பறந்து காட்டிய ஹாக்கர் ஹரிக்கேன், எண் ஆர் 4118. சிட்னி காம் வடிவமைத்து 14,000-க்கு மேல் உற்பத்தியான இவ்வினத்தில் இன்று பறக்கக்கூடியவை மிகச் சில. அவற்றிலும் இது 1940-ஆம் ஆண்டின் பிரிட்டன் போரில் 49 முறை களம் புகுந்து மீண்டது. 1943-இன் இறுதியில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 1947-இல் காசி இந்து பல்கலைக்கழகத்துக்கு, பொறியியல் மாணவர்கள் பார்த்துக் கற்பதற்காக, கொடையாகக் கொடுத்தார்கள். காசிக்குப் போகிறவர்கள் தமக்குப் பிரியமான காய் ஒன்றையோ கனி ஒன்றையோ அங்கே விட்டு வருவதுண்டு. ஆங்கிலேயர்கள் சற்றுத் தாராளமாக, ஒரு போர் விமானத்தையே விட்டுவிட்டுப் போனார்கள். 1982-இல் பீட்டர் வேச்சர் என்னும் ஆங்கிலேயர் அதைப் பல்கலைக்கழக வளாகத்தில் கண்டு, பிற்பாடு பல ஆண்டுகள் முயன்று 2001-இல் தாயகம் கொண்டு சேர்க்க, 2004 டிசம்பரில் அது மீண்டும் வானேறியது. காசியில் கதியடைந்தவற்றுக்கு மறுபிறவி இல்லையென்னும் கொள்கைக்கு இது விரோதமாயிற்றே என்று ஆட்சேபிப்போருக்கு நம் சமாதானம் இது: அவ்விமானம் அங்கே கதியடையவில்லை, கல்லூரியில்தான் இருந்தது.

இனிப் பிரமாணங்களுக்கு வருவோம். கண்ணால் கண்டதன்றி வேறெதையும் ஒப்பேன் என்ற சார்வாகன், விமானக் காட்சிக்கு வந்தால் வெறுங்கையோடு வீடு திரும்புவான். அரிய விமானம் வானில் காட்சி தருவது ஏழெட்டு நிமிஷங்கள். அவற்றில் சூரியனுக்கு நேரே அது புகுந்துகொள்ளும் நேரம், முன்வரிசைக்காரர் குடையை விரிக்கும் நேரம், எங்கே எங்கே என்று கேட்கும் குழந்தைக்கு விரல் நீட்டிக் காட்டும் நேரம், அக்குழந்தை விரலையே பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது அற்பம். அந்த அற்பத்தையும் பெரும்பாலோர் காமிராவுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஆக, பார்த்தது காமிரா. பார்த்ததாகச் சொல்பவர் வேறொருவர்.

அனுமானத்தின் நிலை சற்று மேல். மலையில் புகை கண்டு நெருப்பை ஊகிக்கும் பழைய உதாரணம், ஹரிக்கேனின் மெர்லின் எஞ்சினை முடுக்கும்போது போக்குக் குழாய்களினின்று குபீரென்று எழும் புகையில் அப்படியே பொருந்துகிறது; சில வேளைகளில் நெருப்பே நேரில் வெளிப்பட்டு, அனுமானத்தை அநாவசியமாக்கிவிடுகிறது. ஆனால் கூட்டத்தில் எப்போதும் ஒரு பெரியவர் இருப்பார். ஓசை கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, ‘மெர்லின்!’ என்று பரவசத்தோடு அறிவிப்பார். பன்னிரண்டு சிலிண்டரும் 27 லிட்டர் கொள்ளளவுமுடைய அந்த எஞ்சின் ஸ்பிட்ஃபயரிலும் உண்டு, லங்காஸ்டரில் நான்கு உண்டு, அமெரிக்காவில் செய்யப்பட்டு மஸ்டாங்கிலும் ஏறியதுண்டு. ஆகவே ஓசையை ஹேதுவாகக் கொண்டு விமானத்தைத் துணிவது அநைகாந்திகம் என்னும் ஹேத்வாபாசம், அதாவது போலிக் காரணம். அவரும் இதை அறிவார் போலும். அறிவித்தவுடன் ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து பார்த்துக்கொள்கிறார்.

நம்பத்தக்கவர் சொல்லும் ஒரு பிரமாணமே; ஆனால் ஒலிபெருக்கியில் பேசுகிறவரின் ஆப்த வாக்கியத்தில் பாதியைக் காற்று கொண்டுபோய்விடுவதால் அதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நம்மை நெடுநேரம் நிறுத்திவைப்பது உபமானமே. காட்டிலுள்ள கவயம் பசுவைப் போன்றிருக்கும் என்று வேடன் சொல்லக் கேட்ட நகரவாசி, பின்பு காட்டுக்குப் போய் அதைக் கண்டு தெளிந்தான் என்பது நையாயிகர்கள் காட்டும் உதாரணம். ஓல்ட் வார்டனில் தந்தை மகனுக்குச் சொல்வதும் இதுவே: ‘ஹரிக்கேன் ஸ்பிட்ஃபயர் மாதிரி இருக்கும், ஆனால் முதுகு கூனியிருக்கும், இறக்கை தடித்திருக்கும், சக்கரங்கள் வெளிப்புறமாக அல்ல, உட்புறமாக மடங்கும்.’ இங்கே நாம் ஓர் அநீதியைக் கண்டிக்காமலிருக்க முடியவில்லை. ஹரிக்கேன் முதன்முதலாகப் பறந்தது 1935 நவம்பரில். ஸ்பிட்ஃபயர் பறந்ததோ 1936 மார்ச்சில். பிரிட்டன் போரில் பகை விமானங்களை அதிகமாக வீழ்த்தியதும் எண்ணிக்கையில் மிகுந்திருந்ததும் ஹரிக்கேன்களே. மூத்ததும் உழைத்ததும் கவயமாக, அழகியது பசுவான விபரீதம் உலகியலில் புதிதன்று. எனினும் தர்க்கத்தில் இதற்கு இடங்கொடுக்கலாகாது.

எஞ்சியது அனுபலப்தி, இன்மையை, காணாமையால் அறிவது. பாட்ட மீமாம்சகர்களும் அத்வைதிகளும் இதைத் தனிப் பிரமாணமாகக் கொண்டார்கள், நையாயிகர்கள் மறுத்தார்கள். மறுத்தவர்கள் எவரும் குறுக்குக் காற்று வீசும் நாளில் விமானக் காட்சிக்குப் போனவர்களாக இருக்க முடியாது. அன்று ஹரிக்கேன் மேலெழாது என்று அறிவிப்பு வருகிறது. ஜனங்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டு, புல்தரையில் நிற்கும் விமானத்தண்டை போகிறார்கள். கயிற்றுக்கு இப்பால் நின்று, கூனல் முதுகின்மேல் இழுத்துப் பூட்டிய துணியையும், இறக்கையில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளின் துளைகளையும், போக்குக் குழாயில் படிந்த கரியையும், சூரியனும் குடையும் குறுக்கிடாமல், அரை மணி நேரம் ஆசை தீரப் பார்க்கிறார்கள். பிறகு வீட்டுக்குப் போய், ‘ஹரிக்கேனைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை’ என்கிறார்கள். அவர்கள் வீட்டாரும், எந்தப் பிரமாணத்தால் என்று கேளாமல், ஐயோ பாவம் என்கிறார்கள்.