ஓசை புகாத பெட்டி

கல்கியின் எழுத்துகளைத் தமிழக அரசு 1999இல் நாட்டுடைமை ஆக்கியது. அதனால் பணி ஓய்வு பெற்ற என்னைப் போன்றவர்கள் யாரையும் கேட்காமல் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் உரக்க வாசித்துப் பதிவு செய்யலாம். இப்படி ஒன்று நடக்கும் என்று அரசு நினைத்துப் பார்த்திருக்காது.

நேரம் இருக்கிறது. குரல் இருப்பதாக எனக்கு நம்பிக்கை. கண்டென்சர் மைக்கை மகள் வாங்கித் தந்தாள். அமைதிக்குத்தான் பஞ்சம். எங்கள் ஃபிளாட் மேற்கு மாம்பலத்தில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில். வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவான். தாம்பரம் லோக்கல் ஹாரன் அடித்துக்கொண்டு அவனை முந்திப் போகும். ஆழ்வார்க்கடியான் தடியைத் தூக்கும்போது மாடிவீட்டு அம்மா மிக்சியைப் போடுவார். தேங்காய்ச் சட்னி என்றால் பொறுத்துக்கொள்வேன். இட்லிப்பொடி என்றால் அன்றைய அத்தியாயமே போச்சு.

படுக்கையறை மூலையில் நாலடிக்கு நாலடி, ஏழடி உயரத்தில் ஒரு பெட்டி கட்டுவதென்று முடிவானது. முடிவெடுத்தது நான் மட்டும்.

"முட்டை அட்டையை ஒட்டுங்க சார், போதும்" என்றார் எதிர்வீட்டுக்காரர். ஊரே நம்பும் வைத்தியம் இது. முட்டை அட்டையோ பஞ்சு போன்ற ஃபோமோ அறைக்குள் எழும் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்குமே தவிர, வெளிச்சத்தத்தைத் தடுக்காது. சத்தத்தைத் தடுப்பது கனம். சுவரின் கனத்தை இரட்டிப்பாக்கினால் சுமார் 6 டெசிபல் குறையும். காதுக்குப் பாதியாகத் தெரிய 10 டெசிபல் குறையவேண்டும். ரயிலை முழுக்க நிறுத்துவதற்குள் நான் பெட்டியோடு கீழ்வீட்டுக்குக் குடிபோயிருப்பேன். எனவே நடுவழி: மரச்சட்டத்தின் இருபுறமும் இரண்டிரண்டு ஜிப்சம் போர்டு, இடையில் ராக்வுல், மிக்சி தளம் வழியாக இறங்கி வராமலிருக்க அடியில் ரப்பர் கட்டைகள். மனைவியிடம் சொன்ன தொகைக்கும் ஆசாரியிடம் கொடுத்த தொகைக்கும் இடையிலும் ராக்வுல் வைத்திருக்கிறேன்.

கதவடியில் விரல்கடை சந்து விட்டிருந்தார் ஆசாரி. "காத்துதான சார் வரும், வரட்டுமே" என்றார். காற்று போகிற இடமெல்லாம் சத்தமும் போகும். சுவர் பரப்பில் நூறில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால், எவ்வளவு கனமான சுவரானாலும் 20 டெசிபலுக்குமேல் தடுக்காது. சுற்றிலும் ரப்பர் பீடிங் அடித்தோம். சத்தம் நின்றது; காற்றும் நின்றது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனே ஏறத்தாழ 100 வாட் வெப்பம் விடுகிறான். மே மாதம் வேறு. ஒரு அத்தியாயம் முடிந்து வெளியே வந்தால் தட்டிலிருந்து எடுத்த இட்லிபோல ஆவி பறக்க நிற்பேன். பிறகு காற்றுக்கு வளைந்து வளைந்து போகும் ஒரு குழாய்ப்பெட்டி செய்து, உள்ளே ராக்வுல் ஒட்டி, சின்ன ஃபேன் வைத்தோம். திருப்பங்களில் முட்டிமோதிச் சத்தம் தேய்ந்துவிடும். காற்று மட்டும் எப்படியோ வழி கேட்டு வந்துசேரும்.

இனிமேல்தான் வேடிக்கை. குந்தவை பேசினால் பெரிய பழுவேட்டரையர் பேசுவதுபோல் கேட்டது. என் நடிப்பு மட்டும் காரணமல்ல. நாலடி இடைவெளியில் எதிரெதிரே இரண்டு சுவர் இருந்தால் சுமார் 140 ஹெர்ட்ஸில் ஒலி தானாகத் திரண்டு முழங்கும். ஆண்கள் பேசும் குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான். நீளமும் அகலமும் ஒன்றாகவே வைத்ததால் முழக்கம் இரட்டிப்பு.

1895இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக்கூடத்தில் பேராசிரியர்களின் பேச்சு ஐந்தரை வினாடி அலைந்து யாருக்கும் புரியாமல் போனது. சரிசெய்யச் சொன்னபோது வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர் பக்கத்து அரங்கின் மெத்தைகளை இரவோடிரவாகச் சுமந்துவந்து அடுக்கினார். ஆர்கன் குழாயை ஊதி, ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார். கட்டட ஒலியியலே அதிலிருந்துதான் பிறந்தது. நானும் வீட்டிலுள்ள ரஜாய், தலையணை, கல்யாண ஜமக்காளம் எல்லாவற்றையும் சுமந்தேன். அவருக்குச் சூத்திரம் கிடைத்தது. எனக்கு, "ஏங்க, ராத்திரி தலைக்கு என்ன வெச்சுக்கறது?" என்ற கேள்வி கிடைத்தது.

முழக்கம் ஒருவாறு அடங்கியதும் வேறு சத்தங்கள் வெளியே வந்தன. வயிறு, முழங்கால், மேல்வரிசைப் பல்செட். வெளியே ரயில் போய்க்கொண்டிருந்த காலத்தில் இவை எல்லாம் கௌரவமாக மறைந்திருந்தன.

சென்ற வாரம் லிஃப்டில் மாடிவீட்டு அம்மாவைப் பார்த்தேன். "என்ன சார், கதையை நிறுத்திட்டீங்க? சமையலறை ஜன்னல் வழியா தினமும் கேட்டுட்டிருந்தேன். நந்தினி பாம்பா, நல்லவளாங்கறதுக்குள்ள விட்டுட்டீங்களே!"

பதிவேற்றிய அத்தியாயங்களுக்கு மகளைத் தவிர வேறு யாரும் வந்ததாகத் தெரியவில்லை. இப்போதெல்லாம் பெட்டியின் கதவை அகலத் திறந்துவைத்துக் கொஞ்சம் உரக்கவே வாசிக்கிறேன். மேலே மிக்சி ஓடினால் நிறுத்தி, ஓய்ந்ததும் விட்ட வரியிலிருந்து தொடங்குகிறேன். பாவம், அவருக்கும் ஒரு வரி விட்டுப்போகக் கூடாதல்லவா.