மவுஸ் ஓடல்லையா, மருமகன்?

வா மருமகன், இரி. மவுஸ் அசையல்லையெண்டு லினக்ஸையே புதுசா ஏத்தப் போறியாம். சுக்கான் இறுகினா வள்ளத்தை மாத்துற ஆள்தானே நீ! இப்ப ஹந்தான லினக்ஸ் தேடுறியாமே. ஃபெடோராவை வச்சு நம்ம நாட்டுப் பொடியன்கள் செய்தது, நல்ல சாமான்தான். கண்டிப் பக்கத்து மலைப் பேரை வச்சவங்களுக்குக் கற்பிட்டிப் பேர் ஞாபகம் வரல்ல, அது என்ட தனிக் கோபம். எதை ஏத்தினாலும் உன்ட மவுஸ் வயர் அதேதானே?

உடப்புக் கரையில இருக்கிறவன் முதல்ல பார்க்க வேண்டியது யூஎஸ்பி ஓட்டையை. இரும்பு ஆணியைத் தின்னுற உப்புக்காத்து அந்தச் சின்னத் தகட்டை விட்டு வைக்குமா? வேற ஓட்டையில குத்திப் பார். அடியில சிவப்பு லைட் எரிஞ்சும் அம்பு அசையாட்டி மேசையைப் பார். கொம்மா பெருமைக்கு வாங்கின கண்ணாடி மேசை! மவுஸ் கண்ணுக்குப் பிடிக்க அதுல ஒரு கீறலும் இல்ல. பழைய பேப்பர் ஒண்டை விரி. மவுஸைக் கண்டுபிடிச்ச எங்கல்பார்ட்டுக்காக 1964ல செய்த முதல் மவுஸ் மரப்பெட்டி, அடியில ரெண்டு சில்லு. அதுக்கு லைட்டும் இல்ல, இந்த நடப்பும் இல்ல.

பிறகு டெர்மினல்ல எல்எஸ்யூஎஸ்பி எண்டு அடி. பட்டியல்ல மவுஸ் இல்லையெண்டா எந்த ஃபைலைத் திருத்தியும் பிரயோசனமில்ல. இருந்தா, எக்ஸ்இன்புட் லிஸ்ட் போட்டு எக்ஸ் சேவருக்குத் தெரியுதா பார்.

இப்ப உண்மையைச் சொல்லு, எக்ஸ்ஓஆர்ஜி கான்ஃப் ஃபைல்ல எங்கேயோ கண்ட வரிகளை ஒட்டினியா? முழியிலயே தெரியுது. ஒரு காலம் சில்லு உருள இசட் ஆக்சிஸ் மாப்பிங் 4 5 எண்டு எழுதத்தான் வேணும். 2007ல எக்ஸ் சேவர் 1.4 வந்த பிறகு குத்தின உடனே தானாப் பிடிக்கிற வழி வந்திட்டு. இப்ப அந்த வேலையை லிப்இன்புட் பார்க்குது. ஃபைலைப் பேர் மாத்தி ஒதுக்கி வை. அழிச்சிடாத, உன்னை எனக்குத் தெரியும்.

எக்ஸ்இன்புட்டால குறைச்ச வேகம் காலையில திரும்பவும் கூடிட்டா? வயரைக் கழட்டினா, லொக் அவுட் பண்ணினா, அது மறந்திடும். நீ இருக்கிறது எக்ஸ்ல இல்லாம வேலேண்ட்லயெண்டா அந்தக் கட்டளை அங்க எடுபடாது. அதைத் திட்டாத, செட்டிங்ஸுக்குப் போ.

இடது பட்டன் வலதாகிட்டெண்டு ஊரெல்லாம் சொன்னியே, அது பழுதில்ல. உன்ட தங்கச்சி இடக்கைக்காரி, நேத்து அவள் மாத்தினது. எனக்கு இதெல்லாம் சொல்லித் தந்தவளும் அவள்தான்.