முப்பது கிராம் மௌனம்

“வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள்” என்கிறது அரசு. தோல் மருத்துவர்களும் அதையே சொல்கிறார்கள். யூடியூபில் வட்ட விளக்குக்கு எதிரே உட்கார்ந்து முகம் கழுவும் தம்பி தங்கைகளும் சொல்கிறார்கள். இத்தனை பேர் சொல்லும்போது மறுக்கலாமா? டப்பாவைத் திருப்புவோம்.

2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்த்த பொருள்களை அளவு இறங்கும் வரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் குறைந்ததும் எந்த வரிசையில் நின்றாலும் சட்டத்துக்குக் கவலையில்லை. பெரும்பாலான க்ரீம்களில் முதல் ஆசனம் தண்ணீருக்குத்தான். அடுத்து கிளிசரின், ஸ்டியரிக் அமிலம் என்று சோப்புக் கம்பெனியின் பழைய சொந்தங்கள். அட்டையின் முன்புறம் அரியணை போட்டு வீற்றிருந்த குங்குமப்பூ எங்கே? வாசனைத் திரவியத்துக்கும் கெடாமல் காக்கும் ரசாயனத்துக்கும் பின்னால், பந்தியில் கடைசி இலைக்குக் காத்திருக்கும் தூரத்து உறவினர் மாதிரி நிற்கிறது. அங்கே நிற்பது பெரும்பாலும் ஒரு சதவீதத்தை எட்டாத சரக்கு.

சரி, இரண்டு க்ரீம்களை ஒப்பிடலாமா? இரண்டிலும் நியாசினமைடு இருக்கிறது. ஒன்றில் ஐந்து சதவீதமா, மற்றதில் பேருக்கு ஒரு சிட்டிகையா? சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. ‘வாசனை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை ரசாயனங்கள் ஒளிந்திருக்கின்றன? அதையும் சொல்ல வேண்டியதில்லை.

போகட்டும். இந்த அரைகுறைப் பட்டியலாவது எல்லாருக்கும் உண்டா? இங்கேதான் சட்டத்தின் கருணை பொங்கி வழிகிறது. அதே விதிகளில் ஒரு விலக்கு: 30 கிராமுக்குக் குறைவான க்ரீமுக்கும், 60 மில்லிலிட்டருக்குக் குறைவான திரவத்துக்கும் உட்பொருள் பட்டியலே தேவையில்லை.

முப்பது கிராமுக்குக் கீழே வாங்குபவர் யார்? சம்பள நாளில் பெரிய டப்பா வாங்கி அலமாரியில் அடுக்குபவரா? பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் சாஷேயில் ஒன்றைக் கிழித்துத் தரச் சொல்லும் பெண். ஷாம்பூவைச் சாஷேயில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டுபோன வித்தை நம் கடலூரில், சின்னி கிருஷ்ணன் கையில் வளர்ந்தது. சரக்கு ஏழை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் என்ன கலந்திருக்கிறது என்ற தகவலைத்தான் சட்டம் வழியிலேயே இறக்கிவிட்டது.

கேட்டால், இடமில்லையாம்! நடிகையின் கன்னத்துக்கு இடமிருக்கிறது. கறுப்பிலிருந்து வெளுப்புக்கு ஏறும் முக வரிசைக்கு இடமிருக்கிறது. மின்னும் நட்சத்திரங்களுக்குத் தாராளமாக இடமிருக்கிறது. உள்ளே என்ன என்று எழுதத்தான் அரை அங்குலம் கிடைக்கவில்லை. ஆனால் மாலில் விற்கும் 30 மில்லி சீரம் பாட்டிலுக்கு இடத் தட்டுப்பாடே கிடையாது. அதற்கும் இதே விலக்கு உண்டு. இருந்தும் சதவீதக் கணக்கை நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. காசுள்ளவரிடம் பட்டியல் விளம்பரம். காசில்லாதவரிடம் அச்சுச் செலவு.

மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை இன்னொரு வேடிக்கை. தோலை வெளுப்பாக்குவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்கிறது அது. மருந்து சொன்னால் குற்றம். க்ரீம் சொன்னால் வியாபாரம். 1975-இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்டு லவ்லி, 2020-இல் ‘ஃபேர்’ நீக்கி ‘குளோ’ ஆனது. நாற்பத்தைந்து வருடம் கழித்துப் பிறந்த ஞானம்!

பட்டியல் இல்லாத இந்த மௌனத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? கேரளத்தின் மலப்புறம் மாவட்டம், கோட்டக்கல்லில் சிறுநீரில் புரதம் ஒழுகி, உடல் வீங்கி வந்த நோயாளிகளை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 2021 முதல் 2023 வரை பார்த்த 22 பேரில் 15 பேருக்கு அரிய வகைச் சிறுநீரக நோய். அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் பூசியவர்கள். காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது பாதரசம். அது தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுக்கும். தோல் வழியே இறங்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இப்படிப்பட்ட க்ரீமில் அதைச் சேர்ப்பதே குற்றம். குற்றம் செய்பவன் அட்டையில் “பாதரசம்” என்று அச்சடித்துத் தருவானா?

எழுத மாட்டான். அதனால்தான் நியாயமானவன் கட்டாயம் எழுத வேண்டும். சட்டப்படி விற்கும் சின்ன டியூபும் பேசாமல் இருக்கலாம் என்றால், திருட்டு விஷ டியூபின் மௌனத்தை அந்தப் பெண் எதை வைத்துக் கண்டுபிடிப்பாள்? விஷம் விற்பவனுக்கு ஒளிந்துகொள்ளத் திரை நெய்து கொடுத்திருப்பது சட்டமேதான். சட்டம் எழுதினால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை: வெளுப்புக்காகப் பூசப்படும் ஸ்டீராய்டு க்ரீம்களை 2018-இல் மருத்துவச் சீட்டு கேட்கும் பட்டியலில் சேர்த்தார்கள். இன்றும் சீட்டில்லாமல் கேட்டால் எடுத்து நீட்டும் கடைகள் இருக்கின்றன.

விழிப்புணர்வு வாசகங்கள் போதும். அந்த விலக்கை நீக்குங்கள். ஒரு கிராம் சாஷே ஆனாலும் உட்பொருளை எழுத வையுங்கள். தமிழ்நாட்டில் விற்பதில் தமிழிலும் எழுத வையுங்கள். அதுவரை வாசகர்களே, பட்டியல் இல்லாத டியூபை முகத்தில் பூசாதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.