உப்பிட்டவரை மேகம் நினைக்குமா?

பென்னலூரில் பனிப்புயல் அடித்ததாகச் சரித்திரம் இல்லை. மார்கழிப் பனிக்கே மஃப்ளர் சுற்றிக்கொண்டு ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிற ஊர். ஆனால் பனிமேகத்தின் குட்டை உடைத்த வின்சென்ட் ஷேஃபரைப் பக்கத்து ஒரகடம் தொழிற்பேட்டையில் கொண்டுவந்து விட்டால், பத்தே நிமிஷத்தில் ஐக்கியமாகிவிடுவார். மனிதர் பள்ளிப்படிப்பை முடிக்காதவர். ஜெனரல் எலக்ட்ரிக் பட்டறையில் அப்ரண்டிஸாகத் தொழில் கற்றவர்.

1946 ஜூலையில் அவர் செய்துகொண்டிருந்த மகத்தான ஆராய்ச்சி இதுதான்: ஃப்ரீசர் பெட்டிக்குள் கறுப்பு வெல்வெட் ஒட்டி, குனிந்து ‘ஹா’ என்று ஊதுவது. மூச்சு மேகமாகும், பனியாக மட்டும் ஆகாது. மேகத்துளிகள் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனாலும் உறையாமல் முரண்டு பிடிக்கும் ஜாதி. ஒருநாள் வெக்கையில் பெட்டி சரியாகக் குளிரவில்லை என்று உலர்பனிக்கட்டி ஒன்றை உள்ளே போட்டார். அவ்வளவுதான், மூச்செல்லாம் பனித்துகளாகி மினுமினுத்தது.

நவம்பர் 13 அன்று சின்ன விமானத்தில் ஏறி நிஜ மேகத்திலேயே உலர்பனிக்கட்டியைத் தூவிவிட்டார். பனி கொட்டியது, தரையைத் தொடும் முன்பே ஆவியாகியும் போனது. டிசம்பர் 20 அன்று மறுபடி தூவினால், பெரும் பனிப்புயலே வந்துவிட்டது. அவருடைய மேலாளர், நோபல் பரிசுக்காரர் இர்விங் லாங்க்மூர், “நம்ம கைங்கரியம்!” என்று மார்தட்ட, கம்பெனி வக்கீல்களுக்கு வயிற்றைக் கலக்கியது. வழுக்கி விழுந்தவனெல்லாம் கேஸ் போட்டால்? 1947இல் வேலையை ராணுவத்தின் தலையில் கட்டினார்கள். அந்த அக்டோபரில் ஒரு சூறாவளியில் தூவ, அது திரும்பி ஜார்ஜியா கரையில் ஏறியது. அதற்கும் லாங்க்மூர் உரிமை கொண்டாடினார். சுற்றியிருந்தவர்கள்தான் அவர் வாயைப் பொத்த வழி தேடினார்கள்.

இந்த வைத்தியம் 1973இல் நம் பக்கத்துத் திருவள்ளூருக்கு வந்தது. மறுபடி 1975 முதல் 77 வரை. புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் விமானத்தில் வந்து தூவினார்கள். இங்கே குறிவைத்தது உச்சிவரை உறைநிலையைத் தொடாத மேகங்களை; அவற்றிடம் பனிக்கட்டி பாச்சா பலிக்காது. ஆகவே உப்பு! கட்டிதட்டாமல் இருக்க மாக்கல் பொடியும் சேர்த்தார்கள். உப்புத்துகள் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, விழுகிற வழியில் சின்னத் துளிகளை விழுங்கிக்கொண்டே மழையாகும் என்பது கணக்கு.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். மேகம் நினைத்ததா? மழை பெய்தால் அது உப்பாலா, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா? இதைத் தீர்க்க மகாராஷ்டிரத்தின் பாராமதியில் வடக்கே ஒரு வட்டாரம், தெற்கே ஒரு வட்டாரம் எனப் பிரித்து, நடுவே கொஞ்சம் இடம் விட்டு, இன்று யாருக்கு உப்பு என்று குலுக்கல் போட்டார்கள். 1973க்கும் 86க்கும் இடையே பதினொரு பருவம் இப்படிக் கழிந்தபின், மழை 24 சதவீதம் கூடியதாகச் சொன்னார்கள். பிறகு சோலாப்பூரில் செய்த சோதனையில் அது 18 சதவீதமானது.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் வேடிக்கை. 2020 முதல் 2023 வரை மூன்று குளிர்காலங்களில் நாசா இரண்டு விமானங்களை அனுப்பியது. ஈஆர்-2 சுமார் 65,000 அடி உயரத்தில் புயலுக்கு மேலே, பி-3 மேகத்துக்குள்ளேயே. தூவுவதற்கு அல்ல, பனி ஏன் ஒல்லிப் பட்டைகளாக வரிந்து கொட்டுகிறது, புயல் எப்படித்தான் உருவாகிறது என்று பார்ப்பதற்கு! தாலி கட்டி எழுபது வருஷம் கழித்துப் பெண்ணின் ஜாதகத்தைக் கேட்ட கதை.

ஒன்று மட்டும் நிச்சயம். மழையை வரவழைப்பதைவிட, வந்த மழைக்கு ரசீது போடுவதுதான் கஷ்டம். அளவாய்ப் பெய்தால் சொந்தம் கொண்டாட ஆள் இருக்கும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி உபரிநீர் அடையாற்றில் பாய்ந்தபோது, “இது எங்கள் மழை” என்று ஒரு லாங்க்மூர்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.