பேராசிரியர் ஆம்னி பஸ் அவர்களுக்கு

பெருமதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு,

பொங்கலுக்கு முந்தைய வாரம், மதியம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் தங்கள் குறுஞ்செய்தி வந்துவிட்டது. 'தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால்' கிளாம்பாக்கம் – திருநெல்வேலி வண்டி ரத்து. முந்தின மாதமே 1,100 ரூபாய் கட்டிப் பிடித்துவைத்திருந்த கீழ்ப் படுக்கை போயிற்று. பதறிப்போய் ஆப்பைத் திறந்தால் அதே இரவு, அதே ஒன்பதரை மணி வண்டி, அதே படுக்கை, 3,300 ரூபாய்க்கு என்னைப் பார்த்துச் சிரித்தது. கால் மணி நேரத்தில் பூரண குணமடைந்த அந்தத் தொழில்நுட்பத்துக்கு முதலில் என் வாழ்த்துகள்.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த தம்பி பொறுமையாகத்தான் பேசினார். "டிமாண்ட் சார். எகனாமிக்ஸ் தெரியாதா உங்களுக்கு?"

கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பொருளியல் நடத்திப் பிழைப்பவன் நான். வாயை மூடிக்கொண்டு 3,300 கட்டினேன். ஆனால் அதை நான் பஸ் கட்டணமாகக் கருதவில்லை, ஐயா. 1,100 பஸ்ஸுக்கு. மீதி 2,200 தங்களுக்குச் சேரவேண்டிய டியூஷன் ஃபீஸ்.

நாங்கள் வகுப்பில் தேவை நெகிழ்ச்சிக்கு, அதாவது விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பதற்கு, இன்னமும் உப்பைத்தான் உதாரணம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். விலை ஏறினால் யாரும் உப்பைக் குறைக்கமாட்டார்கள், இறங்கினால் யாரும் அள்ளித் தின்னமாட்டார்கள் என்று. 1890இல் இந்தக் கருத்தைப் புத்தகத்தில் விளக்கி நிலைநிறுத்திய ஆல்ஃபிரட் மார்ஷல் கேம்பிரிட்ஜில் உட்கார்ந்து எழுதியவர். இரண்டு பையும் ஒரு குழந்தையுமாகக் கிளாம்பாக்கத்தில் நின்றவர் அல்ல. நின்றிருந்தால் உப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு உங்கள் வண்டியை எழுதியிருப்பார்.

ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் நான் மிகவும் நெகிழ்ச்சியுள்ள மனிதன். நீங்கள் 200 ரூபாய் ஏற்றினால் ரயிலுக்குப் போய்விடுவேன், அரசுப் பேருந்தில் ஏறுவேன், இல்லையென்றால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டிலேயே படுத்துவிடுவேன். அதனால்தான் அன்றைக்குத் தள்ளுபடி கூப்பன், போர்வை, தண்ணீர் பாட்டில் எல்லாம். பொங்கலுக்கு முந்தின நாள் அதே நான் வேறு ஆள். ரயில் டிக்கெட் 60 நாள் முன்பு காலை எட்டு மணிக்குத் திறந்து, காபி ஆறுவதற்குள் தீர்ந்துபோயிருக்கும். பதிலீட்டுப் பொருள் இல்லை. தள்ளிப்போடவும் முடியாது, தை ஒன்றாம் தேதியைச் சூரியன்தான் குறிக்கிறது, எங்கள் அம்மா அல்ல. விலை 200 சதவீதம் ஏறியது. முப்பது படுக்கையில் ஒன்றுகூடக் காலியில்லை. தேவையின் மாற்றமான பூஜ்ஜியத்தை விலையேற்றமான 200ஆல் வகுத்தால் நெகிழ்ச்சி பூஜ்ஜியம். கரும்பலகையில் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, 'முற்றிலும் நெகிழ்ச்சியற்ற தேவை, நடைமுறையில் அரிது' என்று எழுதிப்போடுவோம். அந்தக் கோடு ஏ.சி. ஸ்லீப்பராக என் கண்ணெதிரே புறப்பட்டுப் போனது. இதற்கு 2,200 டியூஷன் ஃபீஸ் அதிகமில்லை.

அளிப்புப் பக்கமும் நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள். கட்டணம் மூன்று மடங்கானாலும் கரூரில் ஒரே ராத்திரியில் பஸ் பாடி கட்ட முடியாது. முப்பது படுக்கை முப்பதுதான். தவிர, வண்டி காலியாகச் சென்னைக்குத் திரும்ப வேண்டும் என்பீர்கள். நியாயம், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காலி வண்டியின் செலவு முழுவதையும் என் தலையில் கட்டினாலும் இரண்டு மடங்கு, 2,200 ரூபாய்தானே வருகிறது? மூன்றாவது 1,100 எந்தத் திசையில் ஓடுகிறது? சரி, விடுங்கள். காலி வண்டிப் பங்கைக் கழித்தால் டியூஷன் ஃபீஸ் பாதியாகிவிட்டது. ஸ்காலர்ஷிப்புக்கு நன்றி.

விலை ஏறினால்தான் உண்மையிலேயே வேண்டியவனுக்கு இடம் கிடைக்கும் என்று எங்கள் புத்தகமும் உங்கள் பக்கம் பேசும். பொய். சென்டரிங் வேலைக்கு வந்த கோவில்பட்டிப் பையனுக்கு ஊருக்குப் போகும் ஆசை என்னைவிட எந்த விதத்தில் குறைச்சல்? கையில் காசுதான் குறைச்சல். அவன் அரசுப் பேருந்தில் இரண்டு சீட்டுக்கு நடுவில் துண்டை விரித்து உட்கார்ந்து விடிய விடியப் போகிறான். எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை எவ்வளவு வேண்டும் என்று அளந்து காட்டுகிற வித்தைக்குப் பெயர் பாடமா?

மன்னிக்கவும், ஐயா. வகுப்பில் சத்தம் போட்டுவிட்டேன். ஃபீஸ் கட்டிய மாணவன் என்ற உரிமையில் ஒரே ஒரு சந்தேகம் கேட்கிறேன். விலையை ஏற்றுவதற்கு எங்கள் புத்தகத்தில் அத்தியாயம் இருக்கிறது. விற்று, காசு வாங்கி, சீட்டு நம்பரும் கொடுத்த படுக்கையைப் பிடுங்கி மறுபடி விற்பதற்கு எந்த அத்தியாயம்? முதலாண்டிலும் இல்லை, முதுகலையிலும் தேடிவிட்டேன். தேவை, அளிப்பு எல்லாம் பேரம் முடிகிறவரைதான். முடிந்த பேரத்தை உடைப்பதற்கு எங்கள் பாடத்தில் பெயர் கிடையாது, ஊரில் உண்டு. மரியாதை கருதி எழுதவில்லை.

இந்தக் கடிதத்தின் நகல் போக்குவரத்துத் துறைக்கும் போகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 67ஆம் பிரிவு, உங்களைப் போன்ற ஒப்பந்த ஊர்திகளுக்கும் உச்சக் கட்டணம் நிர்ணயிக்க வழி செய்கிறது. அந்தப் பிரிவைப் பண்டிகைக்கு முன்னால் எடுத்துப் படிக்கும்படி துறையைக் கேட்டுக்கொள்கிறேன். தங்களிடம் கேட்பது இதைவிடச் சின்னது. எவ்வளவு ஏற்ற வேண்டுமோ, விற்பதற்கு முன்னால் ஏற்றுங்கள். விற்றபிறகு வண்டியை ரத்து செய்தால், அதே இரவில் அதே ஊருக்கு எங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் செலவு.

இப்படிக்கு,
ஃபீஸ் பாக்கி இல்லாத மாணவன்