ஷார்ட்டும் ஷார்ட்டேஜும்: ஒரு சொல்லாராய்ச்சி

இல்லாமையைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் என்றே ஒரு சொல் இருக்கிறது. முடை, தட்டுப்பாடு, பற்றாக்குறை என்று இன்னும் பல உண்டு. இத்தனையும் கைவசமிருக்க, நாம் ஏன் ‘ஷார்ட்டேஜ்’ என்கிறோம்? மொழிக்கலப்பு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். இவ்வாய்வாளரால் நகர முடியவில்லை. அப்போது அவர் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தார்.

முதலில் பிறப்பு. ‘ஷார்ட்’ பழைய ஆங்கிலச் சொல். அதன் வாலில் இருக்கும் ‘ஏஜ்’ இலத்தீனில் தோன்றி பிரெஞ்சு வழியாக வந்த விகுதி. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. ‘குறைந்த வயது’ எனப் பொருள்கொள்வார் கூற்று இங்கே மறுக்கப்படுகிறது. லக்கேஜிலும் போஸ்டேஜிலும் உள்ளது இதே விகுதிதான். மேரேஜிலும்தான்; அதன் ஆய்வு வீட்டு அமைதி கருதித் தவிர்க்கப்படுகிறது.

அடுத்து, உள்ளூர்ப் போட்டியாளரான பற்றாக்குறை. ‘பத்தாது’ என்று நாம் பேச்சில் சொல்வதன் எழுத்து வடிவம் ‘பற்றாது’. எனவே இதிலுள்ள ‘பற்றா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ‘போதாத குறை’ என்றாகிறது. அதாவது குறை இருக்கிறது, அந்தக் குறையும் போதவில்லை. நிதிநிலை அறிக்கைகளுக்கு இச்சொல்லைத் தேர்ந்தவர் தீர்க்கதரிசி.

இனி மையப் பொருள். ‘ஷார்ட்’, ‘ஷார்ட்டேஜ்’ இரண்டும் ஒன்றெனக் கொள்வது பிழை. மாலையில் வங்கிக் காசாளர் கணக்கு முடிக்கிறார். “ஐந்நூறு ஷார்ட்” என்கிறார். தொகை தெரிகிறது, அது யார் பையிலிருந்து போகும் என்பதும் தெரிகிறது. அதே கட்டடத்தில், மூடிக்கிடக்கும் கவுன்ட்டரைக் காட்டிக் கேட்டால் “ஸ்டாஃப் ஷார்ட்டேஜ் சார்” என்று பதில் வருகிறது. எத்தனை பேர் குறைவு, யாரால் குறைவு, என்றைக்குத் தீரும்? மூன்றையும் அந்த ‘ஏஜ்’ விழுங்கிவிட்டது. தொல்காப்பியர் காலத்தில் இச்சொல் இல்லாததால், நூற்பாவை நாமே யாக்க வேண்டியதாயிற்று:

அளவும் ஆளும் தெரிவது ஷார்ட்டே;
இரண்டும் ஒளிப்பது ஷார்ட்டேஜ் என்ப.

‘என்ப’ என்றால் ‘என்று சொல்வர்’. யார் சொல்வர் என்று கேட்கக்கூடாது. இலக்கணத்திலும் ஷார்ட்டேஜ் உண்டு.

கல்லூரி வழக்கு இவ்விதிக்குத் தலைசிறந்த சான்று. வருகை 75 விழுக்காடு வேண்டும் என்பது விதி. மாணவன் வகுப்புக்குப் போகவில்லை. ஆனால் வீட்டில் அவன் சொல்வது “அட்டென்டன்ஸ் ஷார்ட்டேஜ் வந்துடுச்சுப்பா” என்பதே. காய்ச்சல் வருகிறது, மழை வருகிறது, அதுபோல இதுவும் வந்துவிட்டது. அப்பாவும் டாக்டர் சான்றிதழுக்கு அலைகிறார். அவரே பேருந்தில் மூன்று ரூபாய் குறைவாகக் கொடுத்தால் “மூணு ரூபா ஷார்ட்” என்றுதான் கண்டக்டரிடம் கேட்க வேண்டியிருக்கும்.

தட்டுப்பாடு எங்கே போனது என்பார்க்கு விடை: அது செய்தித்தாளில் வாழ்கிறது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தபோது தலைப்புகள் எல்லாம் தட்டுப்பாடுதான். எங்கள் அடுக்ககச் சங்கச் செயலாளர் மட்டும் “வாட்டர் ஷார்ட்டேஜ்” என்று அறிவிப்பு ஒட்டினார். மோட்டார் பழுதாகி ஒரு மாதம் என்பது அதில் இல்லை.

விதியைக் களத்தில் சோதிக்க விரும்பி, தெருமுனைக் கடைக்குப் போனேன். மீதி மூன்று ரூபாய்க்கு மூன்று சாக்லேட்டை நீட்டி, “சில்லறை ஷார்ட்டேஜ் சார்” என்றார் கடைக்காரர். பத்திரமாக எடுத்து வைத்தேன். மறுநாள் 25 ரூபாய் பொருளுக்கு 22 ரூபாயும் அதே மூன்று சாக்லேட்டும் கொடுத்தேன்.

எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மூணு ரூபா ஷார்ட்டு சார்.”