போன வாரம் வந்திருக்கணும் சார்!

இனி எவராவது இந்தத் தலைப்பை என் முகத்துக்கு நேரே சொன்னால் கைகலப்பு நிச்சயம். ஒகேனக்கல்லில் தேய்த்துக்கொண்ட எண்ணெய் இன்னும் காதுமடலை விட்டுப் போகவில்லை. எரிச்சலும்தான்.

ஆரம்பித்து வைத்தவர் பென்னாகரத்து டீக்கடைக்காரர். உள்ளூர்ப் பெருமை, போகட்டும் என்று விட்டேன். வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழித்தவர், "சில்லறை இல்லை" என்பதற்கு முன்பே அதைச் சொன்னார். மசாஜ்காரர் என் மண்டையில் தாளம் போட்டபடி சொன்னார். தட்டுக்குத் தட்டு தண்ணீர் ஓர் அடி ஏறியது. மீன் வறுக்கும் அம்மா, "போன வாரம்னா வாளையே இத்தாந்தண்டி கண்ணு" என்று இரண்டு கையையும் விரித்தார். ஆக, மீனுக்கும் நான் லேட். வரிசையில் நின்ற பெரியவருக்கு வாரக்கணக்கு போதவில்லை. "1992-ல ரோஜா படம் வந்துச்சே, அதுக்கு இங்க ஷூட்டிங் எடுத்தப்போ பார்த்திருக்கணும் தண்ணிய!"

மாமரத்துக்கடவில் பரிசல் ஏறினோம். மூங்கில் பின்னல், அடியில் பிளாஸ்டிக் ஷீட், மேலே தார்ப்பூச்சு. முன்பெல்லாம் தோல் போர்த்துவார்களாம். வட்டத்துக்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை; துடுப்புக்காரர் திருப்பும் பக்கம்தான் காட்சி. இரு பக்கமும் பாறைச்சுவர், முகத்தில் சாரல். நான் வாயைப் பிளந்து அருவியைப் பார்த்த அந்தக் கணத்தில் பரிசலை ஒரு சுற்றுச் சுற்றி என் முகத்தை அவர் பக்கம் கொண்டுவந்து, "இதெல்லாம் ஒரு தண்ணியா சார்? போன வாரம்..." என்றார்.

கூட வந்திருந்த என் மச்சான் பலமாகத் தலையாட்டினார். அவரும் போன வாரம் இங்கே வந்ததில்லை.

போன வாரம் நடந்தது இதுதான்: குடகில் மழை, கபினியிலும் கே.ஆர்.எஸ்.ஸிலும் தண்ணீர் திறப்பு, பிலிகுண்டுலுவில் கன அடி எகிறல், பரிசலுக்குத் தடை. வந்திருந்தால் போலீஸ் தடுப்பைத்தான் பார்த்திருப்பேன். துடுப்புக்காரரிடமே கேட்டுவிட்டேன்.

"ஆமா சார், பரிசல் ஓடல. யாரையும் உள்ள விடல. ஆனா தண்ணி இருந்துச்சே!"

அருவியின் அழகைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பத்திரிகையில் இடம் தீர்ந்துவிட்டது. நீங்கள் போவதாக இருந்தால் காலைப் பேப்பரில் நீர்வரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பரிசலுக்குத் தடை இல்லையென்றால் அதுவே நல்ல நாள். சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எப்படி என்று மட்டும் தயவுசெய்து யாரையும் கேட்காதீர்கள்.